திறந்து பார்க்காமலே ஒரு தீர்ப்பு

கல்லூரி கல்ச்சுரல்ஸுக்கு இரண்டே நாள். ரிகர்சல் நடுவில் எலெக்ட்ரிக் கிட்டார் திடீரென்று ஊமையாகிவிடுகிறது. பிக்கப் ஸ்விட்சைப் பிடித்து ஆட்டினால் "கரகர" என்று ஒரு சத்தம், அப்புறம் உயிர் வருகிறது. கையை எடுத்தால் மறுபடி போய்விடுகிறது. சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்கிறார்கள். "பிக்கப் போச்சு மச்சி." "உள்ள எல்லாத்தையும் மாத்தணும்." "பழைய கிட்டார்தானே, வித்துட்டு வேற வாங்கிடு." கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் "புது ஸ்விட்ச் போட்டுடலாம் தம்பி" என்பதுதான் முதல் பதில்.

இத்தனை பேரில் ஒருவர்கூட ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற கிட்டாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் அடிப்படையில் ஒரு ரேடியோ ரிப்பேர்காரர். 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பொருளும் ஒருநாள் பழுதாகும், அப்போது யாரோ ஒருவர் அதைத் திறப்பார் என்பது நன்றாகத் தெரியும். அதனால்தான் 1954-ல் வந்த அந்தக் கிட்டாரில் கழுத்து பசை போட்டு ஒட்டப்படவில்லை, ஸ்க்ரூ போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. மூன்று பிக்கப்புகள், ஸ்விட்ச், வால்யூம், டோன் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் உட்கார்ந்திருக்கின்றன. இன்று பரவலாகக் கிடைக்கும் மாடல்களில் அந்தத் தகட்டைப் பிடித்திருப்பவை 11 ஸ்க்ரூக்கள். கம்பிகளைத் தளர்த்தி அவற்றைக் கழற்றினால் மொத்த ரகசியமும் வெளியே வந்துவிடும். ரிப்பேர்காரர் ஒருவர் ரிப்பேருக்காகவே வடிவமைத்த பொருளைத் திறக்கப் பயப்படுவதை என்னவென்று சொல்வது?

பயப்படும்படி உள்ளே எதுவும் இல்லை. ஆம்ப்பிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிட்டால் சாதாரண கிட்டாரில் கரண்ட் கிடையாது. ஸ்விட்சின் வேலையும் எளிது. லீவரோடு சேர்ந்து ஒரு உலோகத் தகடு நகர்கிறது. சின்னச் சின்ன உலோக நாக்குகள் அதைக் கவ்வுகின்றன. எந்த நாக்கு தகட்டைத் தொடுகிறதோ அந்தப் பிக்கப்பின் சத்தம் வெளியே போகிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் கெடுகிறது? பெரும்பாலும் கெடுவதே இல்லை, அழுக்காகிறது! பிக்கப்பிலிருந்து வருவது பொதுவாக ஒரு வோல்ட்டைக்கூட எட்டாத மிகச் சிறிய சிக்னல். வீட்டு லைட் ஸ்விட்சில் பாயும் 230 வோல்ட்டுக்கு மெல்லிய களிம்பு ஒரு பொருட்டே இல்லை. கிட்டார் சிக்னலுக்கோ அதுவே பெரிய சுவர். வியர்வை, தூசி எல்லாம் சேர்ந்து அந்தச் சுவரைக் கட்டுகின்றன. சென்னை மாதிரி கடலோர ஊர் என்றால் உப்புக்காற்றும் தன் பங்கைச் செய்யும்.

பழுது ஸ்விட்சில்தானா என்று கண்டுபிடிக்கக் கிட்டாரைத் திறக்கக்கூட வேண்டாம். முதல் சோதனை காதால். நடு பிக்கப் ஸ்விட்சின் இரண்டாம் நிலையில் கேட்கிறது, மூன்றாம் நிலையில் கேட்கவில்லை என்றால் பிக்கப் உயிரோடுதான் இருக்கிறது. சந்தேகம் ஸ்விட்ச் மேல்தான். மாறாக, எல்லா நிலையிலும் ஒரே மாதிரி கரகரத்தால் கேபிளையும், அதைச் செருகும் ஜாக்கையும், வால்யூமையும் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். கிட்டாரில் கேபிளைச் செருகி, மறுமுனையை ஆம்ப்பில் செருகாமல், வால்யூமை முழுதாக வைத்து, அந்த முனையின் நுனியிலும் உடல் பகுதியிலும் மீட்டரை வைத்துப் பார்க்கலாம். ஸ்ட்ராட் வகைப் பிக்கப் ஒன்றுக்குச் சுமார் 5 முதல் 7 கிலோ ஓம் காட்டும். இரண்டு பிக்கப் சேரும் 2, 4 நிலைகளில் அதில் பாதி, அதாவது 3 கிலோ ஓம் பக்கம் வரும். ஏதோ ஒரு நிலையில் மட்டும் மீட்டர் 250 கிலோ ஓம் பக்கம் தாவினால், அங்கே பிக்கப் இணையவில்லை, வால்யூம் கன்ட்ரோல் மட்டும்தான் தெரிகிறது என்று அர்த்தம். லீவரை மெல்ல அசைக்கும்போது எண் துள்ளினால் குற்றவாளி பிடிபட்டார்!

அடுத்தது சுத்தம் செய்வது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கும், சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. நாக்குகள் கவ்வும் இடத்தில் கொஞ்சமாக அடித்து, லீவரை இருபது முப்பது முறை இப்படியும் அப்படியும் தள்ள வேண்டும். உலோகமே உலோகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ளும். கதவுக் கீலுக்கு விடும் எண்ணெய் மட்டும் கூடாது, அது பிசுபிசுப்பாகத் தங்கி மேலும் தூசியைச் சேர்க்கும். கூடவே, ஒயர் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தால் பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். விட்ட ஒயரைச் சால்டர் வைத்து ஒட்டுவது சில நொடி வேலை. தொடும் முன்னால் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

"புது ஸ்விட்ச் என்ன பெரிய விலையா, இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். லீவர் தொளதொளத்துவிட்டாலோ, நாக்கு தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தாலோ மாற்றுவதுதான் சரி. விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் ஸ்விட்ச் ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குள் கிளீனர் ஒழுங்காகப் போகாது, நாக்கை நிமிர்த்தவும் முடியாது. பெட்டி தூசியைத் தடுக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் தூசியோடு சேர்த்து ரிப்பேர் செய்பவரின் கையையும் அது தடுத்துவிடுகிறது. புதிய கிட்டார் வாங்குபவர்கள் மரத்தையும் நிறத்தையும் பார்க்கும் நேரத்தில், உள்ளே இருப்பது திறந்த ஸ்விட்சா, மூடிய பெட்டியா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

காரணம் தெரியாமல் மாற்றுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பழுது ஜாக்கில் இருந்தால் புது ஸ்விட்ச் போட்டும் கரகரப்பு போகாது. ஏழெட்டு ஒயரைப் பிடுங்கி மறுபடி ஒட்டியதில் ஒன்று இடம் மாறினால் புதிதாக ஒரு வியாதி. கடைசியில் "இந்தக் கிட்டாரே ராசியில்லை" என்று அது பாதி விலைக்குக் கைமாறும். மாணவர்கள் பலருக்கு அது சேர்த்து வைத்த காசில் வாங்கிய ஒரே கிட்டார்.

ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தவர்களால் இசைக்குக் கிடைத்த லாபமும் ஒன்று உண்டு. 1954 ஸ்ட்ராடோகாஸ்டரில் இருந்தது மூன்று நிலை ஸ்விட்ச், ஒரு நேரத்தில் ஒரு பிக்கப் மட்டும்தான். வாசித்தவர்கள் லீவரை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தினால் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒரு தனி நாதம் வருவதைக் கண்டுபிடித்தார்கள். தயாரித்தவர்கள் நினைக்காத உபயோகம் அது! அந்த நாதம் ஊரெல்லாம் பரவிய பிறகு, 1977-ல்தான் ஃபெண்டர் நிறுவனம் ஐந்து நிலை ஸ்விட்சைப் பொருத்த ஆரம்பித்தது. கம்பெனிக்கு 23 வருஷம் பிடித்த விஷயம், லீவரை நோண்டிப் பார்த்த விரல்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

மூன்று வருஷம் ஒரு கிட்டாரைத் தோளில் மாட்டியவருக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரிந்துகொள்ள 11 ஸ்க்ரூதான் தடை என்ற பிறகும் தெரியாமலே அதை விற்றுவிடுவதுதான் வருத்தம்.