எடைக்குப் போடாதீங்க!



நம்ம பள்ளியில் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து அறையில, உடைஞ்ச பெஞ்சுக்கும் கிழிஞ்ச சார்ட்டுக்கும் நடுவுல 5 பழைய கம்ப்யூட்டர் கிடக்கு. எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதையெல்லாம் கழிச்சு எடைக்குப் போடப் போறதா பேச்சு அடிபடுது. போடக்கூடாது என்பது என் கருத்து. அதுல ரெண்டையாவது மாணவர்கள் கையில கொடுக்கணும். ஏன்னு சொல்றேன். ஆனா டி.வி. கேம்ல இருந்து ஆரம்பிச்சாத்தான் புரியும், கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க பெரியப்பா மகன் அண்ணன் டிப்ளமோ படிச்சிட்டு டவுன்ல செல்போன் ரிப்பேர் கடையில வேலை பார்க்கிறார். அவருக்குப் பொழுதுபோக்கு ரெண்டு. ஒண்ணு, பழைய டி.வி. கேமுக்கு சொந்தமா புரோகிராம் எழுதறது. இன்னொண்ணு, வீட்டிலேயே லினக்ஸ் சர்வர் நடத்தறது. வேலையத்த வேலைன்னு பெரியம்மா திட்டுவாங்க. எனக்கென்னவோ, நாம கம்ப்யூட்டர் பாடத்தை மனப்பாடம் பண்ணி எழுதறோமே, அதைவிட இதுதான் நிஜமான கம்ப்யூட்டர் படிப்புன்னு தோணுது.

கேசட்டைச் சொருகி டி.வி.யில விளையாடுற கேமை உங்க வீட்டுப் பரண்லயோ மாமா வீட்டிலயோ பார்த்திருப்பீங்க. அதோட மூலம் ஃபேமிகாம். ஜப்பான்ல நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலை 15-ல் விற்பனைக்கு விட்டது. நம்ம ஊர்ப் பக்கம் வந்ததெல்லாம் அதைப் பார்த்து மலிவா செஞ்ச நகல்கள். உள்ளே இருக்கிற மூளை, 1975-ல் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி கம்பெனி 25 டாலருக்கு விற்ற 6502 என்ற சிப்பின் வகை. அதுக்குத் தெரிஞ்ச கட்டளைகள் மொத்தமே 56 தான். தமிழ் எழுத்து 247-ஐயும் ஒண்ணாம் ரெண்டாம் வகுப்பிலேயே படிச்ச நமக்கு 56 பெரிசா?

அதோட வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். நான் எழுதியிருக்கிற இந்தத் தாளை டைப் அடிச்சா கால்வாசிகூட அதுக்குள்ள அடங்காது. 4 ஜி.பி. செல்போன்ல இருக்கிறது அதைப்போல 20 லட்சம் மடங்குக்கு மேல். அவ்வளவு சின்ன இடத்தை வச்சுக்கிட்டு எப்படி விளையாட்டு செஞ்சாங்க? அங்கதான் புத்தியே இருக்கு. 1985-ல் வந்த சூப்பர் மரியோ விளையாட்டு முழுசும் சேர்த்து 40 கிலோபைட். அதுல வானத்தில் போற மேகமும் தரையில நிக்கிற புதரும் ஒரே படம். நிறத்தை மட்டும் மாத்தி இருக்காங்க! அம்மா பழைய சேலையைத் திரைச்சீலையா தைக்கிற மாதிரி.

இன்னொண்ணு. சில கேம்ல ஆள் நிறைய வந்தா படம் மினுக் மினுக்குன்னு வெட்டும். கேசட்டுல தூசின்னு நினைச்சு எல்லாரும் ஊதுவாங்க. தூசி இல்லை. நகரும் படத்துண்டுகள் ஒரு கிடைவரிசையில 8 தான் காட்ட முடியும். ஒன்பதாவது வந்தா அது தெரியாது. பிரேயர்ல ஒரு வரிசைக்கு 8 பேர்தான்னு பி.இ.டி. சார் சொல்லிட்ட மாதிரி. அதனால புரோகிராம் எழுதினவங்க இந்த நொடி இவனை மறைச்சு, அடுத்த நொடி அவனை மறைச்சு, மாத்தி மாத்தி நிக்க வைக்கிறாங்க. அதான் மினுக்கல்.

போன முழுப்பரீட்சை லீவுல அண்ணன் என்கிட்ட ஒரு வேலை கொடுத்தார். அந்த மிஷின்ல தமிழ் எழுத்து வரணும். திரையில எல்லாமே 8-க்கு 8 புள்ளிச் சதுரங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டுல வரையலாம், பெரிசா ஒண்ணும் வேண்டாம். ஆனா 'அ' என்ற எழுத்தை 8-க்கு 8 கட்டத்துல போட்டா சுழியெல்லாம் ஒட்டிக்கிட்டு நசுங்கின கொசு மாதிரி இருந்தது. எழுத்துக்கு 4 சதுரம் வேணும். பின்னணிக்கு ஒரு நேரத்துல 256 சதுரம்தான் கிடைக்கும். நாலால வகுத்தா 64 வடிவம். உயிர், மெய், அப்புறம் கு கூ, டு டூ, மு மூ... எழுதிப் பார்த்தா 64-க்குள்ள வரமாட்டேங்குது. அப்புறம்தான் ஒவ்வொண்ணா வழி பிடிபட்டது. துணைக்கால் ஒல்லி, அதுக்கு 2 சதுரம் போதும். ஒற்றைக்கொம்பு ஒண்ணு இருந்தா கெ, செ, தெ எல்லாத்துக்கும் ஆகும், கொ, சொ, தொ-வுக்கும் ஆகும். ஔ-வுக்கு ஒ-வும் ள-வும் இருக்கே! நோட்டுல ஒரு பக்கத்துக்கு மேல கணக்குப் போட்டு, கடைசியில டி.வி.யில 'அம்மா'ன்னு வந்தப்போ அப்பத்தா உட்பட எல்லாரும் எழுந்து வந்து பார்த்தாங்க. தமிழ் எழுத்துக்குள்ள இத்தனை சிக்கனம் இருக்குன்னு எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கலை. ஒரு சின்ன மிஷின்தான் சொல்லிக் கொடுத்தது.

பழசைக் கட்டிக்கிட்டு அழாம புதுசுல படிக்கலாமேன்னு சிலர் கேட்பாங்க. செல்போனை நாம பயன்படுத்தலாம், ஆனா உள்ளே என்ன நடக்குதுன்னு முழுசா யாராலும் சொல்ல முடியாது. டி.வி. கேமை ஒரே ஆள் அடி முதல் நுனி வரை தெரிஞ்சுக்க முடியும். இதுக்கு அதுலதான் நாம ஆரம்பிக்கணும்.

சரி, சர்வர் கதைக்கு வர்றேன். சர்வர்னா ஓட்டல்ல பரிமாறுறவர்தானேன்னு என் தோழி கேட்டாள். அதேதான்! மத்த கம்ப்யூட்டர் கேட்கிறதை எடுத்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர்தான் சர்வர். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சதே, அதுல பிளஸ் டூ படிக்கும்போது அண்ணனுக்கும் ஒண்ணு கிடைச்சது. விண்டோஸோட, சி-டாக் நிறுவனம் செஞ்ச பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டிருந்தாங்க. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தாங்களோ! அந்த மடிக்கணினித் திரை உடைஞ்ச பிறகு அண்ணன் அதைத் தூக்கிப் போடலை. டெபியன் லினக்ஸ் போட்டு அலமாரி மேல வச்சிட்டார். சர்வருக்குத் திரை எதுக்கு? இன்னொரு கம்ப்யூட்டர்ல இருந்தே கட்டளை கொடுக்கலாம். கரண்ட் போனா அதோட பேட்டரியே கொஞ்ச நேரம் தாங்கும்.

அதுல கிவிக்ஸ்னு ஒரு இலவச மென்பொருள் ஓடுது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் ஆரம்பிச்சது, இப்போ ஒன்றரை லட்சத்துக்கும் மேல கட்டுரை இருக்கு. அதை ஒரு தடவை இறக்கி வச்சிட்டா, அப்புறம் இன்டர்நெட்டே வேண்டாம், வைஃபை மட்டும் போதும். வீட்டில எல்லாரும் செல்போன்ல தேடிப் படிக்கலாம். ரீசார்ஜ் முடிஞ்சு போனாலும் எனக்கு சமூக அறிவியல் புராஜெக்ட்டுக்கு அதுதான் கை கொடுத்தது.

அண்ணன் வீட்டில அண்ணன் கட்டுற கரண்ட் பில்லைப் பத்தி அப்பத்தா கேட்டாங்க. நியாயமான கேள்வி. மடிக்கணினி சும்மா ஓடும்போது 20 வாட்னு வச்சுக்கிட்டா நாளுக்கு அரை யூனிட்டுக்குள்ள. நம்ம பள்ளியில இருக்கிறது பெரிய பெட்டி, 100 வாட் ஆகும்னு வச்சுக்குவோம். ராத்திரி பகலா ஓட விட்டா நாளுக்கு 2.4 யூனிட், அது வீண்தான். பள்ளி நேரம் 7 மணி நேரம் மட்டும் ஓடினா 0.7 யூனிட். வகுப்பறையில ஆள் இல்லாம சுத்துற ஃபேனை நிறுத்தினா அதை மிச்சம் பிடிச்சிடலாம்.

லினக்ஸை விளையாட்டுன்னு நினைக்க வேண்டாம். 1991 ஆகஸ்ட் 25-ல், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில படிச்சிட்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதறதாகவும் அது சும்மா பொழுதுபோக்குன்னும்தான் அறிவிச்சார். வயசு 21. 2017 நவம்பர்ல இருந்து உலகத்தின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாத்திலும் ஓடுறது லினக்ஸ். நம்ம ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில இருக்கிறதும் அதுதான். அலமாரி மேல அண்ணன் அடிக்கிற அதே கட்டளைகளைத்தான் பெரிய பெரிய கம்பெனிகளிலும் அடிக்கிறாங்க.

இதுல பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் வகுப்புல பையன்கள் முன்னாடி உட்கார்ந்து மவுஸைப் பிடிச்சுக்குவாங்க, நாம பின்னாடி நின்னு எட்டிப் பார்ப்போம். 5 கம்ப்யூட்டரும் எடைக்குப் போயிட்டா இருக்கிற ஒண்ணு ரெண்டுக்கு இன்னும் தள்ளுமுள்ளுதான். கெட்டுப் போனாலும் பரவாயில்லைன்னு ஒரு மிஷின் இருந்தாத்தான் பயம் இல்லாம தொட்டுப் பார்க்க முடியும். புதுசை யாரும் நம்ம கையில ஸ்குரூ டிரைவரோட கொடுக்க மாட்டாங்க.

தலைமையாசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள். எடைக்காரர் வர்றதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை அந்த அறையைத் திறந்து விடுங்க. அறிவியல் டீச்சர் கூட இருக்கட்டும். முதல்ல அது 32 பிட்டா 64 பிட்டான்னு பார்க்கணும். ஏன்னா 2025-ல் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கம்ப்யூட்டர்ல புதுசா போட முடியாது. அப்படி இருந்தா 2023-ல் வந்த டெபியன் 12 போடலாம், இன்டர்நெட்டில் சேர்க்காம பள்ளிக்குள்ள மட்டும் வச்சுக்கலாம். 5-ல இருந்து நல்ல பாகத்தை எடுத்து 2 தேத்திடலாம்னு அண்ணன் சொல்றார், காசு வேண்டாமாம். குண்டு மானிட்டரையும் பவர் சப்ளை பெட்டியையும் மட்டும் நாங்க யாரும் திறக்க மாட்டோம், உள்ளே ஷாக் அடிக்கும். அதை வேணும்னா எடைக்காரருக்கே கொடுத்திடுங்க.

வர்றவங்க இந்தத் தாளுக்குக் கீழே பேர் எழுதுங்க. நான், என் தோழிகள் 3 பேர் ஏற்கெனவே எழுதிட்டோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் எழுதலாம்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி