இடுப்பு இருந்தால் வட்டு ஆகிவிடாது

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து கொக்கிரகுளம் பாலத்தைத் தாண்டி, தண்ணீர் வரும் திசையில் போனால் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே நிற்கிற முருகன் கோயில். நீர் வரும் பக்கத்து மதிலைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள்; வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரியும். அதைப் பார்த்துவிட்டு, தாமிரபரணி இப்படி வளைந்து ஓடுவதற்கே அந்த மதில்தான் காரணம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. வானியலில் நாம் சொல்லிவிடுகிறோம்.

உடுக்கை வடிவ நெபுலா, நடுவில் கரும்பட்டை. உடனே கட்டுரையில் அந்தப் பட்டை ‘வாயு வட்டு’ என்றும், உடுக்கையை வடித்ததே அதுதான் என்றும் எழுதப்பட்டுவிடுகிறது.

வட்டுக்கு அப்படி வடிக்கும் ஆற்றல் இல்லை என்பதல்ல வாதம். இளம் பெருநிறை விண்மீனின் ஒளி தூசியைத் தள்ளுகிறது. ஆனாலும் வட்டின் வழியே வாயு உள்ளே விழுகிறது, ஒளி துருவங்கள் வழியே தப்பிக்கிறது. தனுசில் உள்ள எச்எச் 80-81 தாரையைப் பாருங்கள். வட்டு சில நூறு வானியல் அலகுதான்; தாரையோ 5 பார்செக்குக்கும் மேல், அதாவது பத்து லட்சம் வானியல் அலகைத் தாண்டி நீள்கிறது. அதில் சின்க்ரோட்ரான் உமிழ்வு உண்டென்பது 2010இல் தெரிந்தது. 2018இல், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்து ஐஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தின் சரிதா விக் குழு, ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் தாழ் அதிர்வெண்களிலும் வெப்பஞ்சாரா உமிழ்வைக் கண்டது. எம்டபிள்யூசி 349ஏ விண்மீனில் கதை வேறு: விண்மீனின் ஒளியால் வட்டே ஆவியாகி, அந்த வாயுவே ரேடியோ உடுக்கையாக விரிகிறது.

ஆனால் ஷார்ப்லெஸ் 106 என்ற உடுக்கை நெபுலா? அதன் கரும்பட்டையைப் பெரியதொரு வட்டு என்றே 1980களில் பலர் நம்பினார்கள். நுண்ணிய வரைபடங்களில் அது மேகத் திட்டுகளாகப் பிரிந்தது. பார்செக் அளவிலான உடுக்கைகள் பல, தகடுபோன்ற தாய்மேகத்துக்குள் விண்மீன் பிறந்ததால் வந்தவை என்று டெஹார்வெங் குழு 2015இல் காட்டியது. அங்கே இடுப்பு என்பது மிச்ச மேகம்.

வட்டு என்றால் சுழல வேண்டும், உள்ளே வேகமாக, வெளியே மெதுவாக. பெரிய மெகல்லன் மேகத்தில், 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்எச் 1177 என்ற இளம் விண்மீனிலேயே அல்மா தொலைநோக்கி அதை 2023இல் அளந்து காட்டிவிட்டது. நம் பக்கத்து விண்மீன்களுக்குச் சலுகை எதற்கு?

அடுத்த இதழுக்கு எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள்: தலைப்பில் ‘வட்டு’ இருந்தால், முதல் படம் வேக வரைபடமாக இருக்கட்டும்.