கைதான் கண்!

தெளிந்த கடலில் மூழ்கினால் மீன் கண்ணுக்குத் தெரியும். ஈட்டியால் குத்தலாம். கலங்கிய தண்ணீரில் என்ன செய்வது? அங்கே கைதான் கண்!

வியாசர்பாடி வழியே ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாயில் சேருகிறது. அந்தக் கால்வாய் வடக்கே எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. வியாசர்பாடிச் சாக்கடையும் கூடவே போகிறது!

அங்கே ஆண்களும் பெண்களும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. விரல் பட்டதும் இறால் பின்பக்கமாகத் துள்ளும். அதற்குள் அமுக்கிவிட வேண்டும். பழவேற்காட்டுப் பக்கத்து இருளர்கள், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். இரண்டு கைக்கும் வேலை இருக்கிறதே!

சேறு இவர்களுக்குப் பகை அல்ல. சேற்றில்தான் இறால் பதுங்கும். அனல் மின் நிலையக் குழாய்களில் ஒழுகிய சாம்பல் அந்தச் சேற்றை மூடியது. அதுதான் பகை.

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தது. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. நல்லதுதான். படகில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துவிடலாம். படகே இல்லாமல் கையால் தடவிப் பிழைப்பவருக்கு எதைத் துடைத்துக் கொடுப்பது? ஆற்றைத்தான்!

படிந்த சாம்பலை அள்ள வேண்டும். ஒவ்வொரு மழைக் காலத்துக்கும் முன்பே ஆலைக் குழாய்களைச் சோதிக்க வேண்டும். சோதிக்கும்போது, தண்ணீரில் இறங்குகிறவர்களையும் கூட அழைத்துப் போகலாம். சேற்றில் எங்கே சாம்பல், எங்கே எண்ணெய் என்று அவர்கள் கை சொல்லும்.