காபி கடைக்கு கிராமி கிடைத்த கதை: ஸ்டார்பக்ஸ் ஏன் சிடி விற்பதை நிறுத்தியது?

காபிக்கு வரிசையில் நிற்கிறீர்கள். பில் கவுன்ட்டர் பக்கத்தில் நாலு சிடி. பிடித்திருந்தால் அதையும் சேர்த்து பில் போடலாம். அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் பல வருஷம் இப்படித்தான் பாட்டு விற்றது.

1999-ல் 'ஹியர் மியூசிக்' நிறுவனத்தை வாங்கியது. 2004-ல் கான்கார்டுடன் சேர்ந்து ரே சார்ல்ஸின் 'ஜீனியஸ் லவ்ஸ் கம்பெனி'யை வெளியிட்டது. அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து வந்த ஆல்பம் அது. 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' உட்பட 8 கிராமி!

எப்படி ஓடியது? சிடி கடைப் பக்கமே போகாத நடுத்தர வயதுக்காரர்கள் தினமும் காபிக்கு வந்தார்கள். ரே சார்ல்ஸை அவர்களுக்கு அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை. ஸ்டார்பக்ஸின் பலம் அந்த அலமாரிதான்.

அதை இசை ஞானம் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, 2007-ல் சொந்த லேபிளே தொடங்கியது. முதல் ஆளே பால் மெக்கார்ட்னி. அடுத்து ஜோனி மிட்செல். ஆனால் அதே ஆண்டு ஆப்பிளுடனும் கைகோத்தது. கடையில் ஓடும் பாட்டை ஐபோனிலேயே வாங்கலாம் என்றது. அப்புறம் சிடி எதுக்கு?

2008-ல் காபி வியாபாரமே ஆட்டம் கண்டது. நிறுவனத்தின் முகமான ஹோவர்ட் ஷுல்ட்ஸ் மீண்டும் தலைமைக்கு வந்தார். லேபிளை நடத்தும் பொறுப்பு கான்கார்டிடம் போனது. அலமாரி மட்டும் 2015 மார்ச் வரை தாக்குப்பிடித்தது. இரண்டே மாதத்தில் ஸ்பாட்டிஃபையுடன் ஒப்பந்தம் அறிவிப்பு. கடையில் இன்னும் பாட்டு ஓடுகிறது, பில்லில்தான் அது வருவதில்லை.