பின்னால் நிக்கிறவங்களையும் பார்ப்போம்



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. பிடிக்கலைன்னா நேரில் பார்க்கும்போது திட்டுங்க. அன்னதானம் பரிமாறும்போது மட்டும் வேண்டாம், கையில் சாம்பார் வாளி இருக்கும்.

போன வாரம் தைப்பூச ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கோல்ட்பிளே கச்சேரிக்கு ஆயிரம் ரிங்கிட் கொடுக்கத் தெரியுது. கோயிலுக்கு வந்து ஒரு வாளி தண்ணி தூக்கத் தெரியல." எல்லாரும் தலையாட்டினாங்க. நாங்க நாலு பேர் ஆட்டல. ஏன்னா 2023 நவம்பர் 22, புதன்கிழமை ராத்திரி நாங்களும் புக்கிட் ஜாலில் தேசிய ஸ்டேடியத்தில்தான் இருந்தோம். நாலு பேருக்குமே வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு.

நாங்க இந்தக் குழுவுக்கு இன்று நேற்று ரசிகர்களானவங்க இல்ல. 2000-இல் 'யெல்லோ' பாட்டு வந்த சமயம், தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமல் காப்பாத்தினது ரேடியோவில் வந்த அந்தப் பாட்டுதான். இங்கிலீஷ் முழுசா புரியாது. ஆனா அந்தக் குரல் புரிஞ்சது. இருபத்து மூணு வருஷம் கழிச்சு அவங்க நம்ம ஊருக்கே வர்றாங்கன்னா போகாம இருக்க முடியுமா?

டிக்கெட் 228 ரிங்கிட்டிலிருந்து மூவாயிரத்துக்கு மேல் வரை இருந்தது. எங்களுக்குக் கிடைச்சது மேல் அடுக்கு. எண்பதாயிரத்துக்கு மேல் இருக்கை உள்ள ஸ்டேடியம் அது. அங்கிருந்து பார்த்தா பாடகர் கிறிஸ் மார்ட்டின் ஒரு தீக்குச்சி உயரம்தான். சரி, திரையில் பார்ப்போம்னு உட்கார்ந்தோம்.

ஆனா நாங்க நினைச்ச மாதிரி இல்ல. வாசலிலேயே எல்லாருக்கும் கையில் கட்டிக்க விளக்கு வைச்ச ஒரு பட்டை கொடுத்தாங்க. மூவாயிரம் கொடுத்தவருக்கும் அதே பட்டை, மேல் அடுக்கில் இருக்கிற எங்களுக்கும் அதே பட்டை. அதைத் தூரத்திலிருந்தே இயக்குறாங்க. பாட்டு ஆரம்பிச்சதும் ஸ்டேடியம் மொத்தமும் ஒரே நேரத்தில் சிவப்பாச்சு, அப்புறம் மஞ்சளாச்சு. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. எங்க நாலு பேருக்கும் அந்த நினைப்புதான் வந்தது. எங்க கைவிளக்கு எரியலைன்னா அந்த மூலை இருட்டு. மேடையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்தும், நாங்க இல்லாம அந்தக் கச்சேரி முழுசாகாதுன்னு தோணுச்சு.

அந்தச் சுற்றுப்பயணத்தில் அவங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாட்டை நடுவில் நிறுத்தி, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கைப்பேசியை வைச்சிடுங்கன்னு கேட்பாங்க. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பிள்ளைங்க உடனே பையில் போட்டுட்டாங்க. ரெண்டு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அந்தக் கைகளுக்கு நடுவில்தான் நாங்க எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தோம்.

முடிஞ்சு வெளியே வரும்போது பட்டையைத் திரும்பப் பெட்டியில் போடணும். அடுத்த ஊரில் மறுபடி பயன்படுத்துவாங்க. ஓரிருவர் ஞாபகத்துக்கு வைச்சுக்கிட்டாங்க, ஆனா வரிசையில் நின்னு போட்டவங்கதான் அதிகம். எங்க பட்டறையில் இரவல் கொடுத்த ஸ்பேனரைத் திரும்ப வாங்க நாங்க படுற பாட்டுக்கு, அந்தப் பெட்டியைப் பார்த்துக் கண் கலங்கிடுச்சு.

இப்போ நம்ம கோயிலுக்கு வருவோம்.

ஆடித் திருவிழா அன்று தீபாராதனை. முன்னால் உபயதாரர் குடும்பம், அடுத்து பிரமுகர்கள், அடுத்து நிர்வாகம், அதுக்கும் பின்னால் உயர்த்திப் பிடிச்ச கைப்பேசிகள். கடைசியில் தூணுக்குப் பின்னால் ஒரு பாட்டி. மணி அடிச்சு ஓய்ந்த பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டாங்க, "காட்டியாச்சாப்பா?" காலையிலேயே பஸ் பிடிச்சு வந்தவங்க அவங்க. நாங்க கற்பூரத் தட்டை அவங்ககிட்ட கொண்டுபோறதுக்குள்ள மேடையில் பொன்னாடை போர்த்த ஆரம்பிச்சுட்டாங்க.

கோயிலும் கச்சேரியும் ஒண்ணான்னு கேட்பீங்க. நிச்சயமா இல்ல. அங்கே காசு இருந்தாத்தான் வாசலைத் தாண்டலாம், இங்கே யாரும் வரலாம். அங்கே டிக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு வித்தவங்களும் உண்டு, ஏமாந்தவங்களும் உண்டு. முடிஞ்சதும் எல்.ஆர்.டி நிலையத்தில் மாட்டிக்கிட்ட நெரிசலை எங்க முட்டி இன்னும் மறக்கல. அதையெல்லாம் நாம் காப்பியடிக்க வேண்டாம். ஆனா காசு வாங்குற இடத்தில் கடைசி வரிசையை நினைச்சுப் பார்க்க ஒரு ஆள் இருக்கார். காசே வாங்காத நம்ம சந்நிதியில் அந்த ஆள் யார்?

பிள்ளைங்க விஷயமும் அப்படித்தான். மத்தியானமே வந்து வெயிலில் வரிசை நின்னாங்க. யாரும் அதட்டல. அதே பிள்ளைங்க நம்மகிட்ட வந்தா "ஓரமா நில்லு", "செருப்பை அங்கே போடாதே", கடைசியில் "வாளியைத் தூக்கு". ஒலிபெருக்கியையோ விளக்கையோ தொட விடுறோமா? வேலைக்கு மட்டும் கூப்பிட்டா எப்படி வருவாங்க?

தைப்பூசத்துக்கு நாங்க கேட்கிறது பெரிசா ஒண்ணுமில்ல. தீபாராதனை நடக்கும் ஐந்து நிமிஷம் கைப்பேசி கீழே இருக்கணும், அதை மைக்கில் அன்பா சொல்லணும், நிர்வாகத்தினரும் சேர்த்துத்தான். தீபத் தட்டு முதலில் கடைசி வரிசைக்குப் போகணும். முன்னால் நாற்காலி போடுறதா இருந்தா அது வயசானவங்களுக்கு. பொன்னாடை எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் வைச்சுக்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சாலும் பரவாயில்ல.

ஒலி, விளக்குப் பொறுப்பைப் பிள்ளைங்ககிட்ட கொடுத்துப் பார்ப்போம். புக்கிட் ஜாலிலில் பார்த்ததை வைச்சு அவங்களுக்கு நம்மை விட நல்ல யோசனை இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் இதைப் பேச நேரம் கேட்டிருக்கோம். கச்சேரிக்குப் போன உங்க பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. டீயும் சைவ மீஹூனும் எங்க நாலு பேர் பொறுப்பு.