கடலில் ஏர் உழுகிறவர் யார்?

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கல்லைப் பார்க்கிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருக்கும் மனிதரைப் பார்ப்பதில்லை. இந்தப் பார்வைக் கோளாறு உல்லாசப் பிரயாணிகளோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். சட்டம் எழுதுகிறவர்களையும் அது தொற்றிக் கொண்டிருக்கிறது.

2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. “எல்லாம் மீன் பிடிக்கிறவர்கள் செய்த வேலை, கடலுக்கு வேலி போடுங்கள்!” என்று நல்லவர்கள் சிலர் கொதித்தார்கள். எந்த மீன் பிடிக்கிறவர்கள் என்று கேட்கிறேன். இழுவை வலையில் அகப்பட்ட ஆமை, மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை இழுவைப் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அந்த எல்லைக்குள் அத்துமீறி வரும் படகு ஆமையையும் கொல்கிறது. குப்பத்து வலையையும் அறுத்துக் கொண்டு போகிறது. ஆமையும் குப்பமும் ஒரே கட்சி, ஐயா!

சர்க்கார் இதுவரை போட்ட திட்டங்களைப் பாருங்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள்.

2022-ல் பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம், 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாயிற்று. இவ்வகைக் காப்பகத்துக்கு உள்ளூர் ஜனங்களைக் கலந்து பேச வேண்டும் என்பது விதி. முன்னேற்றம்தான்; மறுக்கவில்லை. ஆனால் நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதைக் கேளுங்கள்: வன இலாகா, கிராம ஊராட்சிகளின் பிரதிநிதிகள், வனவிலங்குச் சங்கத்தார் மூவர், விவசாய இலாகா, கால்நடை இலாகா. மீன்வள இலாகாவின் பெயரே இல்லை! கடலில் ஏர் உழுகிறவர் யார்? மாடு மேய்க்கிறவர் யார்? போதாக்குறைக்கு, அந்தக் குழு யோசனை சொல்லலாமே தவிர, தீர்மானிக்க முடியாது.

“ஊராட்சிப் பிரதிநிதி இருக்கிறாரே” என்பார்கள். எந்த வலை கூடாது என்று கட்டுப்பாடு செய்வது குப்பத்தின் ஊர்ப் பஞ்சாயத்து. அது வேறு, ஊராட்சி வேறு. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லையே என்றால், நியாயமான கேள்வி. மீன் விற்கும் பெண்களுக்கும் குழுவில் நாற்காலி போடுங்கள். அந்தச் சாக்கில் குப்பத்தையே வெளியே நிறுத்தாதீர்கள்.

குப்பம் தனியாகச் சாதிக்கும் என்றும் நான் சொல்லவில்லை. வேறு துறைமுகத்திலிருந்து வரும் விசைப்படகை மறித்துத் தண்டிக்கச் சர்க்காரால்தான் முடியும். ஆனால் அது எந்த இரவில், எந்தப் பக்கமாக வந்தது என்பது குப்பத்துக்குத்தான் தெரியும். கையும் வேண்டும், கண்ணும் வேண்டும்.

நாளைக்குக் கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே ஒரு காப்பகம் வரலாம், வரட்டும். வரைபடத்தில் முதல் கோடு இழுக்கும் முன் அதிகாரிகள் குப்பத்து மணலில் உட்கார்ந்து பேசட்டும். கோடு இழுத்த பிறகு கேட்பதற்குப் பெயர் ஆலோசனை அல்ல, அறிவிப்பு.