உடை இல்லை, தடை உண்டு

2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள் தோழியரே. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவும் எண்ணெய் இடவும் பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளிதான் போக வேண்டியிருந்தது. அவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டியிருந்தது. அந்த உடையை ஆலையே தர வேண்டியிருந்தது. அடுத்த உட்பிரிவில் பெண் வந்தாள். அவளுக்கு உடை இல்லை, தடை இருந்தது.

முந்தானையும் துப்பட்டாவும் பெல்ட்டில் சிக்கும் என்பது உண்மைதான். ஆபத்து உடையில் இருந்தால் உடையைத்தானே மாற்ற வேண்டும்? சட்டம் பெண்ணை வெளியே நிறுத்தியது.

பொறியியல் மாணவர்களுக்குத் தமிழ் நடத்துபவள் நான். பட்டறை முடிந்து என் வகுப்புக்கு வருகிறார்கள். பையன்களுக்குக் காக்கிச் சட்டை, காக்கி பேன்ட். பெண்களுக்குச் சுடிதார் மேல் ஒரு காக்கிக் கோட்டு. அதற்குள் பின் குத்திய துப்பட்டா. வெல்டிங் பொறி பட்டால் பருத்தி கருகும்; பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மானம் காக்கத் தைத்த அந்தக் கோட்டு காலைக் காக்காது.

"ஓவரால் கொடுத்துவிட்டோமே" என்பார்கள். யார் அளவில்? தோளில் தொளதொளவென்று தொங்கும், இடுப்பில் பிடிக்கும். நீளம் அதிகமென்று சுருட்டிவிட்டால் அந்த மடிப்பில் தீப்பொறி தங்கும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு என்பதால், கழிப்பறையில் ஆண் ஜிப்பை இறக்கினால் போதும். பெண் தோளிலிருந்து கழற்றி, ஈரத்தரையில் படாமல் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். உலைக்களத்து வெக்கையில் தண்ணீரில்லாத உடம்புக்கு மயக்கமும் நீர்க்கடுப்பும்தான் மிச்சம்.

பணக்கார நாடுகளும் இதில் யோக்கியமில்லை. 2019 மார்ச்சில் நாசாவில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்நடை போகவிருந்தார்கள். இருவருக்கும் பொருந்தும் நடுத்தர அளவு மேலுடை ஒன்றுதான் தயாராக இருந்தது. ஒருவருக்குப் பதிலாக ஆண் போனார்.

ஆகவே அளவோடு கேட்போம். கனமான முழுப்பருத்தித் துணி. சட்டை தனி, பேன்ட் தனி. பேன்ட்டின் மேல் நன்றாக இறங்கி நிற்கும் சட்டை. ஒரே உடுப்புதான் வேண்டுமென்றால் பின்னிடுப்பில் திறக்கும் ஜிப். மணிக்கட்டில் இறுகும் கை, மூடி வைத்த பை. பெண்ணின் மார்புக்கும் இடுப்புக்கும் வெட்டிய அளவு, கர்ப்பிணிக்கும் சேர்த்து.

துவைப்பதும் ஆலையின் பொறுப்பாகட்டும். எண்ணெய் ஊறிய துணி எளிதில் பற்றிக்கொள்ளும். அந்த அழுக்கு வீட்டுக்கு வந்தால் யார் கைக்கு வரும் என்று நமக்குத் தெரியும். கணவரின் வேலை உடுப்பைத் துவைத்தே ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் புற்றுநோய் கண்ட பெண்கள் இருக்கிறார்கள். ஆலைக்குள் காலெடுத்து வைக்காதவர்கள் அவர்கள்.

"இருப்பதே நாலு பெண்கள், அவர்களுக்குத் தனி அளவா?" என்று கேட்பார்கள். நாலு பேராகவே வைத்திருப்பது அந்த அளவுதான் என்று பதில் சொல்லுங்கள்.